முகம் வராத துணி

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செல்லத்தாய் செக்கிங் பார்க்கிறாள். அவள் கைபட்டுப் போன பீஸ் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்பது அவளுக்குப் பெருமை. அதைவிடப் பெரிய பெருமை தங்கச்சி வேல்விழி. வேஸ்ட் துணிகளை ஒட்டுப்போட்டு, அதன்மேல் நூலால் படம் தைப்பாள். கோயம்புத்தூர்க் கண்காட்சிக்காரர்களே வீடு தேடி வந்து கேட்டிருந்தார்கள்.

அவர்கள் கேட்டது வேல்விழியின் புருஷன் ராஜபாண்டியின் படத்தை. எல்லையில் குண்டு விழுந்து செத்துப்போன பட்டாளத்துக்காரன். உடல் வந்த பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியாக ஒருதரம் முகம் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த முகத்தைத் தைப்பதும் பிரிப்பதுமாகவே இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணியை எடுத்துப்போக வண்டி வருவதாக இருந்தது. காலையில் செல்லத்தாய் கண்விழித்தபோது, வேல்விழி மறுபடியும் பிரிப்பதற்கு உட்கார்ந்திருந்தாள்.

"மொகம் வரலக்கா. போட்டோவப் பாத்துத் தச்ச மாதிரியே இருக்கு."

"போட்டோவப் பாத்துத்தானடி தைக்கிற?"

வீட்டு ஓனரம்மா சாரதாமணி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க அம்மிணி, ஒரே துணிய எத்தன நாளைக்குத் தெக்கிறது? கம்பெனியா இருந்தா உங்களைய எப்பவோ ஊட்டுக்கு அனுப்பீருப்பாங்க."

வேல்விழி சிரிக்கவில்லை. செல்லத்தாய்க்கு வாரம் முழுக்க நின்ற கால் கடுத்தது. இந்தத் தடவையும் பிரித்தால் இவள் இனி எதையுமே முடிக்கமாட்டாள் என்று பட்டது.

"குடு, நான் பாக்குறேன். நான் பாஸ் சொன்னா வண்டில ஏத்திவிட்டுரணும்."

எந்தப் பீஸையும் அவள் முதலில் உள்பக்கந்தான் பார்ப்பாள். தையலின் யோக்கியதை அங்கேதான் தெரியும். கைப்பழக்கத்தில் இந்தத் துணியையும் கவிழ்த்து விரித்தாள். முடிச்சும் பிசிறுமாக நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஓடிக் கிடந்தன. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. நெற்றியை மட்டும் அடையாளம் சொல்லலாம். கத்தரியை எடுத்து முதல் பிசிறைப் பிடித்தாள்.

"வெட்டாதக்கா!"

வேல்விழி பக்கத்தில் வந்து குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"பெட்டிக்குள்ள இப்பிடித்தான இருந்திருப்பாரு" என்றாள். "திருப்பாத. இப்பிடியே போகட்டும்."

இத்தனை பிசிறோடு ஒரு பீஸைச் செல்லத்தாய் வெளியே விட்டதே இல்லை. கத்தரியைக் கீழே வைத்தாள். தொங்கிய நூல்களை நீவிவிட்டு, துணியை மெல்லச் சுருட்டினாள்.

"பாஸாக்கா?"

"பாஸ்டி. போய்ப் படு."

வண்டி வந்தபோது வேல்விழி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். செல்லத்தாயே துணியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"உள்பக்கந்தான் வெளிய தெரியணும்" என்றாள் டிரைவரிடம். "பிசிறு இருக்குன்னு யாரும் வெட்டிப்புடாதீங்க. சொல்லிருங்க."