இலை மூத்தவனுக்கு, பயறு இளையவனுக்கு

தாமுவே சந்தைக்கு வெளியே டாக்சிக்காரர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். உள்ளே கடைக்காரர் காதர் பாய் எனக்காக இரண்டு பொட்டலம் கட்டுகிறார். நான் போகிற அமெரிக்க ஊரில்தான் அவருடைய இரண்டு மகன்களும் இருக்கிறார்கள். தேர்தலில் ஆளுக்கொரு கட்சிக்கு ஓட்டுப் போட்டதிலிருந்து, ஒரே தெருவில் இருந்துகொண்டு முகம் பார்ப்பதில்லையாம். இந்த ஊர் வழக்கத்தைப் பாருங்கள், சண்டை தீர்ந்தால் ஊறிய தேயிலையையும் வறுத்த பயறையும் கலந்து இரு பக்கமும் ஒரே தட்டில் தின்பார்கள்.

"தேயிலை மூத்தவனுக்கு, பயறு சின்னவனுக்கு. மாத்திக் குடுத்துராதீங்க தம்பி. தனியா எப்படித் திங்கிறானுவன்னு பாப்போம்!"

"அங்கே கடையிலயே ரெண்டும் கிடைக்குதாமே, பாய்?"

கயிறு பிடித்த கை நிற்கிறது.

"அப்போ அவனுவ கலந்து திங்கிற வரைக்கும் நீங்க அங்கேயே குந்திக்கிடுங்க."

அவர் சிரிக்கவில்லை. மறுபடி ஹாரன் அடிக்கிறது.