'குளத்து ராணி'யின் சமர்ப்பணம்

எழுத்தாளரம்மாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. பிள்ளைகள் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு ஆகவே ஆகாது. நாற்பது பள்ளிக்கூடம் ஏறி இறங்கி, நாற்பதிலும் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவள். தவளைக்கு ஒரு குரல், மாலுமிக்கு ஒரு குரல். வீட்டில் வாயைத் திறக்கவே யோசிக்கிறவள், மேடை ஏறினால் ஆளே வேறு.

சிரிக்க வைத்ததெல்லாம் ஒரே புத்தகம்தான், 'குளத்து ராணி'. ஒரு சின்னப் பெண் தினமும் கண் விழிக்கும்போது படுக்கை குளமாகியிருக்கும். அதில் தவளை நீந்தும், கப்பல் ஓடும். நல்ல கற்பனை என்கிறீர்களா? கற்பனையாவது ஒன்றாவது! படுக்கையை நனைத்தது அவள் பெற்ற மகள். அப்போது ஐந்து வயது. விரிப்பை அலசிக் காயப்போட்ட கையோடு அம்மா உட்கார்ந்து எழுதிவிட்டாள். அதோடு விட்டாளா? முதல் பக்கத்தில், 'இந்தக் கதையைத் தந்த என் செல்ல மகளுக்கு' என்று சமர்ப்பணம் வேறு. ஆசையாகத்தான் செய்தாள், இல்லையென்று சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தும் இருக்கலாம்.

மகளுக்கு ஒன்பது வயதானபோது அவளுடைய பள்ளிக்கூடத்திலும் அம்மா வந்து வாசித்தாள்; அதற்கப்புறம் வகுப்பில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "குளத்து ராணி வர்றா, மூக்கைப் பொத்துங்கடா!" ஆறு மாதம் பொறுத்தாள். ஒருநாள் பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகமாட்டேன் என்றுவிட்டாள். வேறு பள்ளியில் சேர்த்தார்கள். அப்பாவே கொண்டுபோய் விட்டு, அப்பாவே கூட்டிவருவார். அம்மா எழுதுவது புனைபெயரில். அதனால் அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. மூன்று மாதமாகத்தான் அந்தப் பெண் சாப்பாட்டு டப்பாவைக் காலியாகக் கொண்டுவருகிறாள். ஒரு தோழிகூடக் கிடைத்திருக்கிறாள்.

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தே அழைப்பு வந்து சேர்ந்தது.

"முடியாதுன்னு சொல்லிடேன்," என்றார் கணவர்.

"வேற புத்தகம் வாசிக்கிறேங்க. குடை வித்த காகம் இருக்கே."

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. அந்தப் புத்தகத்தைத் தொடக் கூடாது. சத்தியம் பண்ணும்மா."

பண்ணினாள்.

கூடத்தில் நூற்றைம்பது பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டிருந்தார்கள். மகள் மூன்றாவது வரிசையில், தோழியை ஒட்டி உட்கார்ந்து, அம்மாவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காகம் குடை விற்றது, வாங்கத்தான் ஆளில்லை. ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது. பின்னாலேயே வரிசை முழுக்க விட்டது. எழுத்தாளரம்மா காகத்தைக் கொஞ்சம் உரக்கக் கரையவிட்டுப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து நூலக ஆசிரியை 'குளத்து ராணி'யைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"மேடம், இதை வாசிச்சே ஆகணும். பிள்ளைங்களுக்கு இதுன்னா உயிர்!"

"ராணி! ராணி!" என்று கூடமே கத்தியது.

இன்னைக்கு வேண்டாமே என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாய் வரவில்லை மகராசிக்கு! தவளை வரும் பக்கம் மட்டும், ஒரே ஒரு பக்கம் என்று தன்னைத்தானே சமாதானம் பண்ணிக்கொண்டாள். நாற்பது பள்ளிக்கூடத்துப் பழக்கம் சும்மா விடுமா? எதையும் அட்டையிலிருந்து ஆரம்பிக்கிறவள் அவள். அட்டையைத் தூக்கிக் காட்டினாள், தலைப்பைச் சொன்னாள், பக்கத்தைப் புரட்டினாள். வாய் அதுபாட்டுக்கு, "இந்தக் கதையைத் தந்த என் செல்ல மகளுக்கு" என்று வாசித்துவிட்டது.

முன்வரிசையில் ஒரு சிறுமி கை தூக்கினாள். "மேடம், அப்போ படுக்கையை நனைச்சது உங்க பொண்ணா? அவ எந்த ஸ்கூல்ல படிக்கிறா?"

கூடம் கொல்லென்று சிரித்தது. இத்தனை வருஷம் அவள் தேடித் தேடிப் போன அதே சிரிப்பு. மூன்றாவது வரிசையில் மகளின் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக அம்மாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

எழுத்தாளரம்மா சமர்ப்பணப் பக்கத்தைச் சட்டென்று புரட்டினாள். "அட, அது சும்மா எழுதினதும்மா," என்றாள். "எனக்குப் பொண்ணே கிடையாது."

"அப்போ யாரு நனைச்சா?"

"நான்தான். உங்க வயசுல நான்தான் நனைச்சேன்."

சிரிப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. தவளைக் குரலில் கடைசிப் பக்கம்வரை வாசித்தாள். வேறென்ன செய்வாள்?

முடிந்ததும் கூடத்து வாசலில் அவளை நிற்க வைத்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மகளும் தோழியும் கைகோத்தபடி வந்தார்கள். வாயால் முடியாவிட்டாலும் கண்ணாலாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள். மகள் அவளுடைய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தோழிக்கு மனசு கேட்கவில்லை. "பாவம் மேடம், உங்களுக்கு நிஜமாவே பொண்ணு இல்லையா?"

எழுத்தாளரம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"இல்லைன்னு அவங்களே சொன்னாங்கல்ல? வா, போலாம்," என்று தோழியின் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டடி போனவள், மறந்துவிட்டது போலத் திரும்பி, "தேங்க்யூ மேடம்," என்றாள்.