கொய்யாவடியில் விழுந்த ரத்தம்

அவர் எங்கள் ஊர்ச் சந்தையில் மாடறுத்து இறைச்சி விற்பவர். பள்ளிவாசலுக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த பொதுக்காணியில் நாங்கள் சிலர் பழத்தோட்டம் போடத் தொடங்கியபோது, கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து நின்றார். மருதாணி போட்ட தாடி, முறுக்கேறிய கை. மாட்டின் கழுத்தில் கத்தி வைக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொல்வதுபோலவே, ஒவ்வொரு முறை மண்வெட்டியைத் தூக்கும்போதும் "பிஸ்மில்லா" என்பார். நாங்கள் சிரிப்போம்.

கன்றுகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து போனால், வேலி பிரிந்து கிடந்தது. மேய்ச்சலை மறித்துவிட்டோம் என்ற ஆத்திரத்தில் ஒரு மாட்டுக்காரன் கத்தியால் கன்றுகளைச் சீவிக்கொண்டிருந்தான். நாங்கள் கத்தினோம். அவர் கத்தவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி, அவன் தலையில் போட்டார். விழுந்தவனுக்கு மறுபடியும் போட்டார். மிஞ்சியிருந்த ஒரே கொய்யாக்கன்றின் அடியில் ரத்தம் குட்டையாகத் தேங்கியது. நாலு பேர் தொங்கித்தான் அவர் கையை நிறுத்தினோம்.

கல்முனை ஆசுபத்திரியில் தையல் போட்டு மாட்டுக்காரன் பிழைத்தான். இப்போது தழும்போடு வந்து அதே மரத்தில் பறித்துத் தின்கிறான். இவர்தான் அந்தப் பக்கமே வருவதில்லை. ஒருநாள் ஒரு பை கொய்யாவோடு இறைச்சிக்கடைக்குப் போனேன்.

"காக்கா, நீங்க வெட்டின குழியில காய்ச்சது."

"எனக்கு வேணா தம்பி, கொண்டு போங்க."

"அவனே தின்றான். உங்களுக்கு என்ன?"

கத்தியைக் கீழே வைத்தார். "அண்டைக்கு மம்பட்டியத் தூக்கக்குள்ள அல்லாட பேரு என்ட வாயில வரல்ல."

வந்திருந்தால் அந்தக் கை நின்றிருக்குமா? கேட்க எனக்கு இன்றுவரை துணிவில்லை.