லோகுவுக்கு நான் போட்ட கையெழுத்து

ஆயுத பூஜைக்கு மெஷின் மேல் வைத்த எலுமிச்சம்பழத்தை மறுநாள் எடுத்து ஜூஸ் போட்டுக் குடிக்கிற ஆள் நான். திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்த இடத்தை எல்லாரும் சுற்றிக்கொண்டு போவார்கள், நான் மிதித்துக்கொண்டு போவேன். பேய், ஆவி என்று எவனாவது பேச்செடுத்தால் வேலையைப் பாருடா என்று விரட்டிவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இவன் குடித்துவிட்டு உளறுகிறான் என்றுதான் நினைப்பீர்கள். நான் குடிப்பதில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் மூடி வைத்துவிட்டுப் போங்கள்.

திருமழிசை தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் லைனில் பதினோரு பேர், என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு. அதில் ஒருத்தன் லோகு, லோகநாதன், வெள்ளானூர்க்காரன். வேலைக்காரன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் வாய். வாரத்தில் மூன்று நாள் லேட்டாக வருவான், ராத்திரி ஊற்றிக்கொண்டது இறங்காமல் கண் சிவந்து வருவான், கேட்டால் ஊருக்கே கேட்கிற மாதிரி நக்கல் பண்ணுவான். எங்கள் யூனிட்டில் வருகைக்கு விரல் வைக்கிற மெஷின் எல்லாம் கிடையாது, இன்றைக்கும் ரிஜிஸ்டர்தான். ஆள் குறைந்தால் என் லைனுக்குத்தான் திட்டு விழும் என்பதால் அவன் வருவதற்கு முன்னாலேயே அவன் கையெழுத்தை நானே போட்டுவிடுவேன். கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து. அவனைவிட எனக்கு நன்றாக வரும்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டூர் கிளம்பினோம். பூந்தமல்லியில் வேன் பிடித்து, விடியுமுன் ஏறி, வாணியம்பாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு மலை. பேரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அங்கே லாட்ஜ் வைத்திருக்கிறவன் சண்டைக்கு வருவான். அந்த மலையில் பார்ப்பதற்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, எங்கே திரும்பினாலும் கடை. வெல்லப்பாகைத் தேன் என்கிறான், தண்ணீரைத் தைலம் என்கிறான், கையால் செய்த சாக்லேட் என்று ஒன்று, அது எந்த ஊர் கோடவுனில் செய்ததோ. பச்சைத் தண்ணீர்க் குட்டையில் காலால் மிதிக்கிற படகு, அதற்கு ஒரு வரிசை. இரண்டு மரத்துக்கு நடுவில் கயிறு கட்டி மனுஷனை மூட்டை மாதிரித் தொங்கவிட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள், அதற்கு அதைவிடப் பெரிய வரிசை.

குளிர் ஆரம்பித்ததும் எல்லாரும் ஸ்வெட்டர் கடையில் புகுந்தார்கள். டஜனாக எடுத்தால் குறைத்துத் தருவேன் என்று கடைக்காரன் சொல்ல, பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி மங்கி குல்லா வாங்கினோம். மெரூன் கலர், கழுத்து வரை இழுத்துவிட்டால் கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரியும். நான் ஒன்றை எடுத்து என் வழுக்கைத் தலையில் மாட்டப் போனேன்.

"அண்ணாத்தே, உனுக்கு குல்லா வாணாம்," என்றான் லோகு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. "தலய மூடிட்டா திரும்பி வரும்போது வேனுக்கு ஹெட்லைட் ஏது?"

கடைக்காரன் சிரித்தான். குல்லா வாங்க வந்த எவளோ ஒருத்தியும் சிரித்தாள். நான் லோகுவின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன், நம் பசங்கள் நடுவில் புகுந்து பிரித்துவிட்டார்கள். அவன் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அதற்குப் பிறகு அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, காட்டுக்குள் நடந்து போய் மலை விளிம்பைப் பார்க்கலாம் என்றார்கள். நடைபாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கேட், கேட்டில் ஒல்லியாக ஒரு ஆள், அவன் கையில் ஒரு நோட்டு. ஒவ்வொருத்தர் பேரும் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், கும்பலில் ஒருத்தர் போன் நம்பர் தரவேண்டும். என் நம்பரைக் கொடுத்தேன்.

"இறங்கி வந்ததும் அவங்கவங்க பேருக்கு நேரா அவங்கவங்களே போடணும் சார்," என்றான் அவன். "ஒரு கையெழுத்து குறைஞ்சாலும் நாங்க தேடிப் போயிடுவோம். போன மழைக்கு ஒருத்தர் அப்படித்தான் கிடைச்சாரு."

"நாங்க இன்னா ஸ்கூல் புள்ளைங்களா?" என்றேன். அவன் பேனாவை நீட்டினான்.

மேலே போனோம். பார்ப்பதற்கு வெள்ளையாகப் பனிமூட்டம், வேறு ஒரு மண்ணும் தெரியவில்லை. லோகு வழியிலேயே பின்தங்கிவிட்டான், இடுப்பில் ஒரு குவாட்டர் செருகி வைத்திருந்தான், எங்காவது உட்கார்ந்து குடிப்பான் என்று எல்லாருக்கும் தெரியும். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தலையைக் குனிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாகக் கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். வேன் எதிரிலேயே நின்றது, ஆளாளுக்கு நோட்டில் கோழி கிளறிவிட்டு ஏறிக்கொண்டார்கள். கடைசியாக நான்.

"இன்னொருத்தர்?" என்றான் கேட் ஆள்.

திரும்பிப் பார்த்தேன். பாதை வளைவில், மூட்டத்துக்குள், ஒரு மெரூன் குல்லா அசைந்தது. தோ வரான் என்று கை காட்டினேன். அதுவரை என் மேல் எந்தத் தப்பும் இல்லை. அப்புறம் செய்ததுதான். மழையில் நனைந்துகொண்டு அந்த நாய்க்காக நான் ஏன் நிற்கவேண்டும் என்று ஒரு ஆத்திரம். கேட் ஆள் தார்ப்பாயை இழுத்துவிடத் திரும்பிய நேரத்தில் லோகநாதன் என்ற பேருக்கு நேராக அவன் கையெழுத்தை நான் போட்டேன். கை தானாகப் போட்டது, எத்தனை வருஷப் பழக்கம்.

கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து வேனில் ஏறினேன். கடைசி சீட்டில், ஜன்னலோரம், குல்லாவைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். தலையை எண்ணினேன். பன்னிரண்டு. கிளப்புடா பாபு என்று டிரைவரிடம் சொன்னேன்.

வழியெல்லாம் லோகு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தோம், சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தினோம், அவன் இறங்கவில்லை. டிரைவர் பாபு மட்டும் இரண்டு தடவை, "பின்னாடி எவன்டா ஜன்னல தொறந்து வெச்சிகினு கீறது, முதுவுல ஐஸ் வெச்ச மாரி கீது," என்று கத்தினான். எல்லா ஜன்னலும் சாத்தித்தான் இருந்தன. நான்தான் எழுந்து போய்ப் பார்த்தேன். ஈரச் சருகு வாசனை வந்தது. மழையில் நனைந்தவன் மேல் வேறு என்ன வாசனை வரும்?

திருமழிசையில் பாதிப் பேர், பூந்தமல்லியில் மீதிப் பேர் இறங்கிவிட்டார்கள். நான் ஆவடி. என்னை விட்டுவிட்டுத்தான் வெள்ளானூர் போகவேண்டும், ஆனால் லோகுவிடம் நாலு வார்த்தை கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது, அதனால் கூடவே போனேன். மணி எட்டரை இருக்கும். அவன் தெருவில் கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள், வேன் போகாது. அவன் இறங்கி முன்னால் நடந்தான், நான் பின்னாலேயே திட்டிக்கொண்டு போனேன். வயசுக்கு மரியாதை வேணாமா, உனக்கு எத்தினி நாள் நான் கையெழுத்து போட்டு கீறேன், நன்றி கீதாடா உனக்கு, இப்படியே அவன் வீட்டு வாசல் வரை. அவன் திரும்பவே இல்லை. தெருநாய் ஒன்று எங்களைப் பார்த்து எழுந்து நின்றது. குரைக்காமல் எதிர்ப்பக்கம் போய்விட்டது.

அவன் பெண்சாதி மஞ்சுளா கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, ரொம்ப ஊத்திகினாரா?"

"இல்லம்மா. அதிசயமா இன்னிக்கு நேரா நடக்கறான்," என்றேன். அவன் உள்ளே போனான். நான் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். நிஜமாகவே நன்றாகத் தூங்கினேன்.

காலையில் ஆறு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். கேட் ஆள்.

"சார், உங்க ஆளு ஒருத்தர் இங்க பள்ளத்துல கிடந்தாரு. விறகுக்குப் போனவங்க பாத்துச் சொன்னாங்க. கால் ஒடைஞ்சு போயிருக்கு."

"எங்க ஆளுங்க எல்லாம் அவங்கவங்க ஊட்ல கீறாங்க, போனை வை," என்றேன்.

அவன் வைக்கவில்லை. போன் கை மாறியது. ஒரு குரல் என் அம்மாவை இழுத்துத் திட்டியது. நடுங்கி நடுங்கி, பல் அடித்துக்கொண்டு, நிறுத்தாமல் திட்டியது. அப்படித் திட்டுகிறவன் இந்த உலகத்தில் ஒருத்தன்தான். விட்டுட்டுப் போய்ட்டியேடா, போனும் தண்ணியில செத்துப்போச்சுடா, ராத்திரி பூரா கத்தினேன்டா, மழையில யாரும் வர்லடா என்றான். நோட்டில் பன்னிரண்டு கையெழுத்தும் சரியாக இருந்ததால் யாரும் தேடப் போகவில்லை. அவனுக்காக நான் போட்ட கையெழுத்து மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இருட்டுவதற்குள் டார்ச்சோடு போய்த் தூக்கி வந்திருப்பார்கள்.

வண்டியை எடுத்துக்கொண்டு வெள்ளானூருக்குப் பறந்தேன். மஞ்சுளா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தாள்.

"எங்கம்மா அவன்?"

"குளிக்கறாருண்ணே. இன்னா காலைலயே?"

உள்ளே போனேன். பாத்ரூம் கதவு திறந்து கிடந்தது. பக்கெட் நிறையத் தண்ணீர், தரை காய்ந்து கிடந்தது. அந்த நம்பரைத் திரும்பப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் கேட்டாள். புருஷன் குரலை எவளுக்குத் தெரியாது? கத்துவாள், மயக்கம் போடுவாள் என்று பார்த்தேன், அப்படி எதுவும் செய்யவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே பாத்ரூமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோகு இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள், இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து வேலை செய்கிறான். என்னைக் கண்டால் கொலைகாரன் என்று எல்லார் எதிரிலும் சொல்கிறான். வேனில் நீ இருந்தாய் என்று நான் எப்படிச் சொல்வது? மற்ற பத்துப் பேரையும் ஒவ்வொருத்தராகக் கேட்டுவிட்டேன். குல்லாவைப் பார்த்தோம் என்கிறார்கள். முகத்தைப் பார்த்தவன் ஒருத்தன் இல்லை. நானும் பார்க்கவில்லை. பார்த்தது மஞ்சுளா மட்டும்தான்.

லோகு ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாள் வராந்தாவில் வைத்து அவளிடம் கேட்டேன், அன்றைக்கு வந்தது எப்படி இருந்தது என்று.

"எங்க ஊட்டுக்காரரு மூஞ்சிதாண்ணே," என்றாள். "சாப்ட்டாரு. பாப்பாவுக்கு தல வாரி பின்னி உட்டாரு. ஒயுவிகினே இருந்த கொயாவ டைட்டு பண்ணாரு. மூஞ்சி அதேதான். ஆனா..."

"ஆனா இன்னா?"

"அதுல கோவம் இல்லண்ணே."

 அப்புறம் அவள் வீட்டுக்குப் போய் அந்தக் குழாயை நானே திருகிப் பார்த்தேன், சொட்டவில்லை. எந்த பிளம்பரும் வந்து போகவில்லை என்று பக்கத்து வீட்டிலும் விசாரித்தேன். விசாரித்து என்ன கிடைத்தது, ஒன்றும் இல்லை.

போன மாதம் கம்பெனியில் கொடுத்த மெடிக்கல் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுக்க அந்த வீட்டுக்குப் போனேன், சாயங்காலம் ஏழு மணி. லோகு முன் அறையில் போதையில் கட்டிலில் கிடந்து கத்திக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் இன்னும் அதிகமாகக் கத்தினான். பேப்பரை மஞ்சுளாவிடம் கொடுக்கலாம் என்று பின்பக்கம் போனேன். பின்னால் கல் நட்ட காலி மனைகள், அதற்கு அப்பால் முள்செடி, விளக்குக் கிடையாது. அவள் வீட்டுப் பின்கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே, கதவை ஒட்டி, ஒரு தட்டில் சோறு போட்டு இன்னொரு தட்டால் மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கதவ தாப்பா போடும்மா. ஆள் நடமாட்டம் இல்லாத இடம், எவனாவது பூந்துடுவான்," என்றேன்.

"இருக்கட்டும்ணே."

"அது யாருக்கு சோறு?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "காலைல பாத்தா தட்டு கயுவி கவுத்து வெச்சிருக்குண்ணே. தெனமும். எங்க ஊட்டுக்காரரு ஒரு நாளாவது தட்டு கயுவி பாத்துகீறீங்களா நீங்க?"

நாயோ பூனையோ தட்டைக் கழுவாது. அது எனக்குத் தெரியும். முன் அறையில் லோகு அவளைப் பேர் சொல்லி அசிங்கமாகக் கூப்பிட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. அந்த இருட்டு மனைகளைப் பார்த்துக்கொண்டு தலையைச் சரிசெய்துகொண்டாள், கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி.

நான் பேப்பரை ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தட்டையும் திறந்த கதவையும் பற்றி லோகுவிடம் இதுவரை சொல்லவில்லை. அவனுக்கு என்ன ஆனாலும், சொல்லப் போவதும் இல்லை.