தேவசகாயம் சாருக்குத் திருப்பிக் கொடுத்த விறகு

செய்தி வந்தபோது நான் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். நம் பள்ளிக்கூடத்துப் பியூன் முனுசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "டீச்சர், நம்ப கணக்கு சார் பூட்டாரு. ஆஸ்பத்திரிலேந்து வூட்டுக்கு எட்த்துகினு வராங்க" என்றார். நான் வரிசையை விட்டு நகரவில்லை. டின்னை நீட்டி, எண்ணெய் வாங்கி, மூடியைத் திருகி, அதன் பிறகுதான் வீட்டுக்கு நடந்தேன். பதினைந்து வருஷம் ஒரே சுவரைப் பங்குபோட்டு வாழ்ந்த மனிதர் செத்துப்போன சேதிக்கு நான் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். முதலிலேயே இதைச் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்று பார்க்கிறேன்.

அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இரங்கல் கூட்டத்தில் நன்றாகவே பேசினீர்கள். பிரம்பைத் தொடாத வாத்தியார், கோபமே வராத மனிதர், யார் என்ன செய்தாலும் மன்னித்துவிடுவார் என்றெல்லாம் சொன்னீர்கள். தலைமையாசிரியர் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பேசாததை இப்போது எழுதுகிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரே வீட்டுக்காரருடைய இரண்டு ஓட்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றொன்றில் தேவசகாயம் சாரும் அவர் மனைவி எஸ்தர் அக்காவும். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் டம்ளர் விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்குச் சின்ன வயசிலிருந்தே மூச்சு இழுப்பு. மழைக்காலம் வந்தால் இரண்டு தலையணையைச் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். மார்பில் குளிர் இறங்கக் கூடாது, புகையும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குளிர் கூடாதென்றால் வெந்நீர் வேண்டும், கட்டிலுக்குப் பக்கத்தில் கணப்புச் சட்டி வேண்டும். நெருப்பு வேண்டும், ஆனால் புகை வரக்கூடாது. இந்தக் கணக்கைத்தான் சார் தன் வாழ்நாளெல்லாம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஊரே ஐப்பசி பிறந்த பிறகு விறகு விற்கிற தொட்டிக்கு ஓடும். சார் சித்திரையிலேயே ஒரு வண்டி சவுக்கு இறக்கிவிடுவார், அதுவும் அந்த வருஷத்துக்கு இல்லை, அடுத்த வருஷத்துக்கு. ஆள் வைத்துப் பிளந்து, பட்டையைத் தானே உரிப்பார். பட்டைக்குள்ளேதான் ஈரம் பதுங்கியிருக்கும் என்பார். கத்திரி வெயில் முழுக்கக் கொல்லையில் காயப்போட்டுத் தினமும் புரட்டுவார். பிறகு தகரக் கொட்டகையில், தரையில் செங்கல் பரப்பி, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் காற்று போகிற மாதிரி அடுக்குவார். எடுக்கும்போது இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். காய்ந்தது மணி மாதிரி கணீரென்னும், ஈரம் இருந்தால் சத்தமே எழும்பாது. "ஈரம் வெளிய தெரியாது டீச்சர். தட்டித்தான் கேக்கணும்" என்று எனக்கு ஒருமுறை தட்டிக் காட்டினார்.

நான் சும்மா இருந்தேனா? எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். ஆசிரியர் அறையில் அவருக்கு 'விறகு வாத்தியார்' என்று பெயர் வைத்தவள் நான்தான். அது எப்படியோ பையன்கள் காதுக்குப் போய், ஒருநாள் யாரோ கரும்பலகையில் விறகுக்கட்டு படம் போட்டு வைத்தான். சார் வகுப்புக்குள் வந்து பார்த்துவிட்டு, கட்டு இவ்வளவு நெருக்கமாக இருந்தால் காற்றே போகாதே என்று சொல்லி, சாக்பீஸை எடுத்து இடைவெளி விட்டுத் திருத்திக் கொடுத்தாராம். உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும். தப்புக் கணக்கை ரப்பர் வைத்து அழித்தால்தான் அவருக்குப் பிடிக்காது. "அழிக்காதே, கோடு போட்டு அடி. எங்க தப்பினேன்னு நாளைக்குத் தெரியணும்" என்பார்.

அறுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் என் மூத்தவள் பிறந்தாள். குழந்தையோடு நான் வீடு வந்த அன்று பிடித்த மழை விடவே இல்லை. எங்கள் விறகைக் கொல்லையில் திறந்த வெளியில் குவித்து வைத்திருந்தோம், ஊறிப்போய்விட்டது. தொட்டிக்கு லாரி வரவில்லை. பச்சை உடம்புக்காரிக்கும் குழந்தைக்கும் தினம் வெந்நீர் வேண்டுமே என்று என் கணவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நாங்கள் கேட்கவே இல்லை. சார் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு, கொட்டகையின் முன்வரிசையிலிருந்து முப்பது கட்டைகளை நான்கு நடையாகக் கொண்டுவந்து எங்கள் சமையலறையில் அடுக்கினார். அப்படி ஒரு நெருப்பை நான் பார்த்ததில்லை. ஒரு காகிதத் துண்டில் பற்றிக்கொண்டது. மொத்தச் சமையலறையும் கதகதவென்று ஆகிவிட்டது. குழந்தை அந்தச் சூட்டில் கையைக் காலை நீட்டித் தூங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து சாருக்குத் தந்தி வந்தது. திருநெல்வேலிப் பக்கம் அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். அக்காவை அந்த மழையில் கூட்டிப்போக முடியாது. ஒரு வாரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். அக்காவிடம் முன்வரிசையிலிருந்தே எடுத்துக்கொள், பின்னால் போய்க் குனிந்து நிமிராதே என்று சொல்லிவிட்டு, பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "எஸ்தர் தனியா இருக்கா. நீங்க சுவரை ஒட்டித்தான இருக்கீங்க, கொஞ்சம் காது குடுத்துக்கோங்க டீச்சர்" என்றார். போய்ட்டு வாங்க சார், நான் பார்த்துக்கிறேன் என்றேன்.

அவர் போன மறுநாள் தொட்டிக்கு லாரி வந்துவிட்டது. என் கணவர் கைமாற்று வாங்கினால் ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொள்ள மாட்டார். காப்பிப்பொடி கடன் வாங்கினால் அதே டம்ளரில் அதே அளவு திருப்பித் தருகிற தெரு எங்களுடையது. அதே மாதிரிதான் இதுவும். முப்பது வாங்கினோம், முப்பது கொடுத்துவிட்டோம். புது விறகு மழையில் நனைந்து, உள்ளே பச்சையாக இருந்தது. சேறு படிந்ததைக் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று ஒவ்வொரு கட்டையையும் சாக்கால் துடைத்தார். எடுத்த இடத்திலேயே வைப்பதுதான் முறை என்று முன்வரிசையில் இருந்த பள்ளத்தில் அழகாக அடுக்கினார். "அக்கா, விறகு வெச்சிட்டேன்" என்று குரல் கொடுத்தார். "இப்ப என்ன அவசரம்" என்று அக்கா உள்ளேயிருந்தே சொன்னார். காய்ந்த விறகை வாங்கி ஈர விறகைக் கொடுக்கிறோமே என்று எங்கள் இருவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது, அது போதும் என்றிருந்துவிட்டோம்.

விறகு வைத்த மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. ஊதுகுழலில் ஊதுவது, இருமுவது, மறுபடி ஊதுவது. எப்போதும் இருமுகிறவர்தானே என்று படுத்திருந்தேன். அதற்கு அடுத்த நாள் இன்னும் அதிகமாகக் கேட்டது. சாரல் அடிக்கிறதென்று அக்கா ஜன்னல்களைச் சாத்தியிருப்பார். எரியாத கட்டையை ஊதி ஊதிக் கிடைத்த கங்குகளைக் கணப்புச் சட்டியில் போட்டு அறைக்குள்ளேயும் கொண்டுபோயிருக்கிறார். அது பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது இருமல் மட்டும்தான். பச்சை உடம்போடு மழையில் இறங்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தாள், எனக்கு எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் நெடுநேரம் இருமல் கேட்டு, சட்டென்று நின்றது. அப்பாடா, நின்றுவிட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பால்காரன்தான் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் தெருவைக் கூட்டினான். கதவைத் திறந்ததும் வாசல் வரை புகை வந்தது. குதிரை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் உயிர் இருந்தது, சார் வருவதற்குள் அடங்கிவிட்டது. சார் வந்த ரயில் தாம்பரத்தில் நின்றபோது என் கணவர் பிளாட்பாரத்தில் காத்திருந்தார். சார் கையில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று எனக்காக வாங்கி வந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் அதை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு ஒருநாள் சாயங்காலம், கொல்லைச் சுவருக்கு மேலே பார்த்தேன். சார் கொட்டகை முன்னால் நின்று, இரண்டிரண்டு கட்டையாக எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. அடுத்த இரண்டு, அதற்கும் சத்தமில்லை. முன்வரிசையில் மிச்சமிருந்ததை எல்லாம் தட்டிப் பார்த்துத் தனியாகப் போட்டார். பிறகு பின்வரிசையிலிருந்து இரண்டை எடுத்துத் தட்டினார். கணீரென்றது. சத்தமில்லாத கட்டையெல்லாம் நாங்கள் திருப்பிக் கொடுத்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே ஓடிக் கணவரிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "சும்மா இரு. அவங்களுக்கு ஏற்கெனவே இழுப்பு. விறகாலதான்னு யார் சொன்னா?" என்றார். எனக்கும் அந்தப் பதில் அப்போது தேவையாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

சார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்தால் வணக்கம் சொல்வார். என் மகளுக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு பென்சில் டப்பா வரும். ஆனால் அதன் பிறகு அவர் விறகு காயவைக்கவே இல்லை. சித்திரை வந்தது, வண்டி வரவில்லை. அந்தந்த வாரத்துக்குத் தொட்டியில் என்ன கிடைத்ததோ அதை வாங்கிவந்து, ஈரமோ பச்சையோ, அப்படியே எரித்தார். காலையில் அவர் வீட்டு ஓட்டு இடுக்கிலெல்லாம் புகை கசியும். உள்ளே அவர் இருமுவார். புகையில்லாத நெருப்புக்கு அவ்வளவு பாடுபட்ட மனிதர், தெரிந்தே அந்தப் புகைக்குள் உட்கார்ந்திருந்தார். நீங்கள் அவரை வகுப்பில் பார்த்தீர்கள். நான் அந்தப் புகையை ஒவ்வொரு காலையும் பார்த்தேன், அப்போதும் போய்க் கதவைத் தட்டவில்லை.

இந்த வருஷம் அவர் நுரையீரல் ஓய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பார்வையாளர் நேரத்தில் போனேன். கட்டிலில் பாதியாகக் கிடந்தார். இனியும் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"சார், அன்னிக்கு முன்வரிசையில இருந்த விறகு..."

"தெரியும் டீச்சர். தட்டிப் பாத்தேன்."

"இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேக்கலையே. எங்களை மன்னிச்சிடுங்க சார்."

அவர் மூச்சு சேரும்வரை காத்திருந்தார். "விறகை மாத்தி வெச்சது தெரியாம பண்ணது. அதை அப்பவே விட்டாச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவ இருமுனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம்பத்தான் அவர் அத்தனை வருஷம் காத்திருந்தாரோ என்னவோ. "கேட்டுது சார். மூணு நாளும் கேட்டுது" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மன்னிச்சேன்னு சொல்லணும்னுதான் இருக்கு. வாய் வரல டீச்சர். நீங்க போய்ட்டு வாங்க, பாப்பா தேடும்" என்றார். நான்காம் நாள் முனுசாமி வந்து சொன்னது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே, யாரையும் மன்னித்துவிடுவார் என்று நீங்கள் பேசியதில் என்னைச் சேர்க்காதீர்கள். அவர் என்னிடம் விட்டுப்போனது மன்னிப்பு இல்லை, அந்தக் கேள்விதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டுக்கு இப்போது புதிதாக ஒரு இளம் தம்பதி குடி வந்திருக்கிறார்கள். போன வாரம் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் விடாமல் இருமினாள். அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். இரண்டு கையாலும் கதவை இடித்தேன். அவள் கரண்டியோடு வந்து திறந்து, "ஒண்ணுமில்லக்கா, மிளகாய் வறுக்கிறேன்" என்று சிரித்தாள். நான் அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னக்கா, என்ன ஆச்சு என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். என் வாசலிலிருந்து அந்தக் கதவுக்கு வர நான்கு எட்டுக்கூட ஆகவில்லை.