அரைபடவிருந்த என் காது

பாகூர் பக்கத்து எங்கள் ஊரில் குப்பைமேடு வளர்ந்துகொண்டே போனதால், குப்பையை உரமாக்கும் மெஷினைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்தார்கள். நானும் உறுப்பினர். ஒரு மெஷின் எல்லாவற்றையும் கலந்தே அரைக்கும். இன்னொன்றில் மேசையில் பிரித்த பிறகே மக்கவைப்பார்கள்.

முதல் மெஷினின் சோதனைக்கு என் வீட்டுக் குப்பையைக் கொண்டுபோனேன். எண்ணிச் சொன்னேன்: முப்பத்தொரு பொருள்கள்.

"இன்னா பெரியவரே, குப்பையக் கூடவா எண்ணுவீங்க?" என்று சிரித்த மெஷின்காரர், வெறும் மெஷினை ஓட்டிக் காட்டினார். இரைச்சல் தாங்காமல், மகள் வாங்கித் தந்த காதுக் கருவியைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து பெஞ்சில் வைத்தேன்.

அரைக்கும் முன் தட்டில் கொட்டியதை மறுபடி எண்ணினேன். முப்பத்திரண்டு!

"நிறுத்துப்பா, ஒண்ணு அதிகமா இருக்கு!"

எல்லோரும் வாயசைத்துச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. விடாமல் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒரு காகிதத்துக்குள் என் கருவி! கூட வந்த மனைவி, பெஞ்சைத் துடைத்தபோது அதையும் அள்ளித் தட்டில் போட்டிருக்கிறாள்.

கருவியை மாட்டியதும் முதலில் கேட்டது அவள் குரல்தான்: "கசங்கின பேப்பர்ல சுத்தி வச்சா குப்பைன்னுதான் நெனப்பாங்க. நல்லா வச்சீங்க போங்க!"

பிரிக்கும் மேசைக்கே ஓட்டுப் போட்டேன். இப்போது எவ்வளவு இரைச்சலானாலும் கருவியைக் கழற்றுவதில்லை, மனைவி திட்டும்போதுகூட.