ஒரு கைப்பிடி வயர்

என் கடை மேசை இழுப்பறையில் ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் வயர் கிடக்கிறது. இரண்டு முனையிலும் ஹெட்போனுக்கு இருப்பது போன்ற பின். சிவகாசியில் காலண்டர் டிசைன் போட்டுப் பிழைக்கிறவன் நான். போன வருடத்து லட்சுமி படத்தைக் கூசாமல் அழித்துவிடுவேன். இந்த வயரை மட்டும் தூக்கிப்போட வரவில்லை.

அது என் அக்காவின் வீட்டுக்காரருடையது. அச்சு மெஷின்களின் கரண்டு பேனல் பழுதுபார்க்கிற மச்சான், கழித்துப்போட்ட பேனல் பெட்டி ஒன்றில் தன் கையாலேயே, கரண்டில் விதவிதமாகச் சத்தம் உண்டாக்குகிற சிந்தசைசர் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். ஆர்மோனியம் மாதிரிக் கட்டைகள் கிடையாது, முகம் முழுக்கத் திருகு குமிழ்களும் ஓட்டைகளும்தான். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்கு வயர் போகிறதோ அதற்கேற்பச் சத்தம் பிறக்கும். வயரைப் பிடுங்கினால் சத்தமும் போச்சு, பெட்டிக்குள் சேமித்து வைக்க வழியில்லை. நான் லேப்டாப் கட்சி. அதே மாதிரிப் பெட்டி, அதே மாதிரி வயர்கள், எல்லாம் என் திரைக்குள் படமாக இருந்தன. தப்பாகப் போனால் ஒரு தட்டுத் தட்டினால் பழையபடி ஆகிவிடும். "என்ன மச்சான், டெலிபோன் ஆபீசா? திருத்தங்கலுக்கு ஒரு லைன் போடுங்க" என்பேன். "ஒனக்கு எத அமுக்குனாலும் சத்தம் வருது மாப்ள. அதான் ஒண்ணும் உருப்படியா வரல" என்பார்.

ஒரு சித்திரை மாதம், சென்னையிலிருந்து இசையமைப்பாளர் ஒருவர் தன் படத்துக்கு வெயிலின் சத்தம் வேண்டுமென்று கேட்டிருந்தார். மச்சான் தன் வீட்டு அறையில் பதினோரு நாள் அந்தப் பெட்டியோடு கிடந்தார். கடைசியில் வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மத்தியான நேரத்தில் கரிசல் காட்டில் தனியாக நின்றால் காதுக்குள் ஒன்று கேட்குமே, அது. எனக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை. "அம்பது வயசுல ஒரு தடவ எம்பெட்டி சத்தம் தியேட்டர்ல கேக்கட்டும்லே" என்றார். மறுநாள் அதைக் கேட்க வரும் இசையமைப்பாளரைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போது சொன்னார்: "நான் வாறதுக்குள்ள இத ஒரு அஞ்சு நிமிசம் லேப்டாப்புல பதிஞ்சு வச்சிரு. வேற எதையும் தொட்டுறாத."

நான் பதியவில்லை. அதே சத்தத்தை என் மென்பொருளிலேயே கொண்டுவந்து அவர் மூக்கை உடைக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். முக்கால்வாசி கொண்டும் வந்துவிட்டேன். அப்போதுதான், அறைச் சூட்டில் உள்ளே ஏதாவது இளகியதோ என்னவோ, பெட்டியின் சத்தம் நழுவி 'சர்ர்ர்' என்று சீற ஆரம்பித்தது. பட்டாசுத் திரியில் நெருப்பு ஓடுகிற அதே சீறல்.

எங்கள் ஊர்க்காரனுக்கு அந்தச் சத்தம் காதில் கேட்பதில்லை, காலில் கேட்கும். பிளக்கைப் பிடுங்கியிருந்தால் போதும், வயர்கள் இருந்த இடத்தில் இருந்திருக்கும். நான் இரண்டு கையாலும் வயர்களைக் கொத்தாக அள்ளிப் பிய்த்துக்கொண்டு, "ஓடுங்க, எல்லாரும் ஓடுங்க" என்று கத்தியபடி லுங்கியோடு தெருவில் பாய்ந்தேன். தீப்பெட்டி ஆபீசில் ஆயுசில் பாதியைக் கழித்த எதிர்வீட்டு அக்கா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கக்கூட இல்லை. "என்ன தம்பி, இடியாப்பத்த அள்ளிக்கிட்டு எங்க ஓடுறீக?"

அந்த நேரம் பார்த்து இசையமைப்பாளரோடு மச்சான் வந்த ஆட்டோ நின்றது. மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். "பதிஞ்சியா?" என்று மட்டும் கேட்டார். நான் வயர்க் கொத்தை நீட்டினேன். உள்ளே போய் இரண்டு மணி நேரம் மாட்டி மாட்டிப் பார்த்தார். கொசு வந்தது, மிக்ஸி வந்தது, வெயில் வரவில்லை. இசையமைப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கவும், நிலைமையைக் காப்பாற்றுகிற மகராசனாக நான் லேப்டாப்பைத் திறந்தேன். அவர் காதுகொடுத்துக் கேட்டார். "இதுவே போதுமே" என்றார்.

படம் வந்தபோது விருதுநகர் தியேட்டருக்குக் குடும்பத்தோடு போனோம். திரையில் பொட்டல் காடு, பின்னால் என்னுடைய முக்கால்வாசி வெயில். இருட்டில் மச்சான் என் பக்கம் சாய்ந்து, "நல்லா இருக்கு மாப்ள" என்றார். குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன். நிஜமாகவே சொன்னார். அதற்குப் பிறகு அவர் பெட்டியைத் திறக்கவில்லை. இப்போது அதன்மேல் அக்கா இஸ்திரிக்குத் துணி அடுக்குகிறாள்.

அன்றைக்கு ஒரு வயர் மட்டும் என் லுங்கி மடிப்பில் சிக்கி வீடுவரை வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கத் தைரியம் வரவில்லை. போன மாதம் மச்சான் என் கடைக்கு வந்தவர், பேனா தேடி இழுப்பறையைத் திறந்தார். மஞ்சள் வயரை எடுத்து விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இது எந்த ஓட்டைலருந்து எந்த ஓட்டைக்குப் போச்சுன்னு ஞாபகம் இருக்காலே?"

"இல்ல மச்சான்."

"எனக்கும் இல்ல" என்று சொல்லி, அதை இருந்த இடத்திலேயே வைத்து இழுப்பறையை மூடினார்.